தோற்கிற அணிகளின் ஊர்வழியே: பெரி முதல் போர்ட்ஸ்மத் வரை

முதல் நாள், சனிக்கிழமை: பெரி

இங்கிலாந்தில் விழுந்த, விழுந்து எழுந்த கால்பந்துக் கிளப்புகளின் ஊர்களுக்கு எட்டு நாள் பயணம் இது. முதல் ஊரின் பெயரை (Bury) எழுத்துக்கூட்டி வாசித்தால் 'பரி' என்று வரும். சொல்வது 'பெரி'. மான்செஸ்டர் விக்டோரியாவில் மஞ்சள் டிராம் ஏறினால் அரை மணி நேரத்தில் கடைசி நிறுத்தம். ஏறும்முன் நடைமேடைக் கருவியில் வங்கி அட்டையைத் தொட வேண்டும், இறங்கியதும் மறுபடி தொட வேண்டும். ஆட்டத்துக்கு ஓடும் அவசரத்தில் பலர் மறப்பது இந்த இரண்டாவது தொடுதலைத்தான். மறந்தால் கூடுதல் கட்டணம் பிடித்துவிடுவார்கள். நிறுத்தத்திலிருந்து மான்செஸ்டர் சாலையில் தெற்கே இருபது நிமிடம் நடந்தால் கிக் லேன் மைதானம்.

கிளப் தொடங்கியது 1885ல். தோற்றால் வெளியே என்ற முறையில் நடக்கும் எஃப்.ஏ. கோப்பையை 1900லும் 1903லும் வென்றது. 1903 இறுதி ஆட்டத்தில் டார்பி கவுண்டியை 6-0 என்று அடித்தார்கள். கோப்பை இறுதியில் அந்த வித்தியாசத்தை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. மான்செஸ்டர் சிட்டி 2019ல் எட்டிப் பிடித்தது, அவ்வளவுதான். அதே 2019ல், ஆகஸ்ட் 27ஆம் தேதி இரவு, 1894லிருந்து விளையாடி வந்த தொழில்முறை லீக்கிலிருந்து பெரி வெளியேற்றப்பட்டது.

ஆட்டத்தில் தோற்று விழுந்த கிளப் அல்ல இது. அந்த ஏப்ரல் கடைசியில்தான் மூன்றாம் டிவிஷனுக்கு உயர்ந்திருந்தார்கள். வருமானத்துக்கு மீறிய சம்பளம், அதை ஈடுகட்டக் கடன், கடனுக்கு மைதானத்தின் மேல் அடமானம் என்று வருடக்கணக்கில் ஓடியது. 2018 டிசம்பரில் கிளப் 1 பவுண்டுக்குக் கைமாறியது. விலை 1 பவுண்டு என்றால் கடன் முழுவதும் சேர்ந்து வருகிறது என்று பொருள். கடன்காரர்களுக்கு எப்படிக் கொடுப்பீர்கள், சீசனை ஓட்டப் பணம் எங்கே என்று லீக் ஆதாரம் கேட்டது. வரவில்லை. முதல் சில வார ஆட்டங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய், கடைசியில் கதவு மூடியது.

வெளியேற்றப்பட்ட அன்று பகலில், யாரோ வாங்க வருகிறார்கள் என்ற நம்பிக்கையில் நூற்றுக்கணக்கானவர்கள் துடைப்பமும் வாளியுமாகக் கிக் லேனுக்கு வந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு மைதானம் தயாராக இருக்க வேண்டுமே என்று இருக்கைகளைத் துடைத்தார்கள், படிகளைக் கூட்டினார்கள். இரவில்தான் செய்தி வந்தது. இந்த ஊரில் விசுவாசம் என்றால் எதைச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ள அந்த ஒரு பகல் போதும்.

அதற்குப் பிறகு நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பிரிவினர் புதுக் கிளப் தொடங்கிப் பக்கத்து ஊரான ராட்கிளிஃபில் வாடகைக்கு ஆடினார்கள். இன்னொரு பிரிவினர் மைதானத்தை மீட்பதே முதல் வேலை என்றார்கள். 2022 பிப்ரவரியில் அரசு மானியமும் நன்கொடையும் சேர்ந்து கிக் லேன் ரசிகர்கள் கைக்கு வந்தது. ஆனாலும் அங்கே ஆட்டம் இல்லை. இரண்டு சங்கங்களையும் இணைக்க அந்த ஆண்டு நடந்த வாக்கெடுப்பு, ஒரு பக்கம் தேவையான பெரும்பான்மை கிடைக்காமல் விழுந்தது. 2023ல்தான் நிறைவேறியது. அந்த சீசனிலேயே கிக் லேனில் மறுபடி பந்து உருண்டது, இங்கிலாந்துக் கால்பந்து ஏணியின் ஒன்பதாம் படியில். ஒரே அணியை நேசிப்பவர்கள் இரண்டு சங்கமாகப் பிரிந்தால் நான்கு வருடம் போய்விடும் என்பதற்குப் பெரி சாட்சி. சிக்கலில் இருக்கும் எந்தக் கிளப்பின் ரசிகர்களும் முதல் கூட்டத்திலேயே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

கீழ்ப்படி ஆட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான இடங்களில் இரு அணி ரசிகர்களையும் பிரித்து உட்கார வைப்பதில்லை. தங்கள் அணி எந்த கோலை நோக்கித் தாக்குகிறதோ அந்தக் கோலுக்குப் பின்னால் நிற்பார்கள், இடைவேளையில் சாமான்களோடு மறுமுனைக்கு நடப்பார்கள். மேல் ஐந்து படிகளில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்துவது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்குக் கீழே அந்தத் தடை இல்லை.

இரண்டாம் நாள், ஞாயிறு: ராச்டேல்

ராச்டேலுக்கு டிராமும் போகிறது, ரயிலும் போகிறது. டிராம் ஓல்டம் வழியாகச் சுற்றி ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். விக்டோரியாவிலிருந்து ரயிலில் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை தண்டவாளப் பராமரிப்பு இல்லையா என்று முந்தின இரவே பார்த்துவிட வேண்டும். 'ரயிலுக்குப் பதில் பேருந்து' என்ற பலகைதான் இந்த நாட்டில் வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறவர்களின் நிரந்தர எதிரி.

ஸ்பாட்லண்ட் மைதானத்தில் இன்று ஆட்டம் இல்லை, வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். சாண்டி லேன் முனையில் இன்றும் நின்று பார்க்கும் படிமேடை இருக்கிறது. 1974லிருந்து 2010 வரை தொடர்ந்து 36 சீசன் இந்தக் கிளப் லீக்கின் கடைசி டிவிஷனிலேயே இருந்தது. உயரவும் இல்லை, வெளியே விழவும் இல்லை. 1973-74ல் மூன்றாம் டிவிஷனிலிருந்து இறங்கிய சீசனில் 46 ஆட்டத்தில் 2 வெற்றி. மின்தட்டுப்பாட்டால் விளக்கொளியில் ஆடத் தடை இருந்த காலம் அது. வேலைநாள் மதியத்தில் கேம்பிரிட்ஜ் யுனைடெட்டுடன் ஆடியபோது வந்தவர்கள் 450 பேர். 1921லிருந்து இருந்த லீக்கை விட்டு 2023ல் கடைசியாக இறங்கினார்கள்.

ராச்டேலுக்கு வந்தால் மைதானத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது டோட் லேனில் 31ஆம் எண் கட்டடம். 1844 டிசம்பர் 21ஆம் தேதி, நெசவாளர்களும் மற்ற தொழிலாளிகளுமாக 28 பேர், தலைக்கு 1 பவுண்டு போட்டு இங்கே ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி. நவீனக் கூட்டுறவு இயக்கம் இங்கிருந்து பரவியது. எவ்வளவு பணம் போட்டாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு என்பது அவர்கள் வைத்த விதி. இங்கிலாந்தில் இன்று ரசிகர்கள் கிளப்பை வாங்க அமைக்கும் 'சப்போர்ட்டர்ஸ் டிரஸ்ட்' அதே விதியில்தான் நடக்கிறது.

அதை அமைக்கும் முறையை இங்கேயே எழுதிவிடுகிறோம், அடுத்த ஊர்களில் திரும்பத் திரும்ப வரும். பொதுக்கூட்டம் கூட்டி மாதிரி விதிகளை ஏற்க வேண்டும். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 'சமூக நலச் சங்கம்' என்று நிதி நடத்தை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு, தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு, கணக்குத் தாக்கல் கட்டாயம். அடுத்து மைதானம். 2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி மைதானத்தைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பட்டியலிட நகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம். பட்டியலில் ஏறிவிட்டால், உரிமையாளர் விற்க நினைத்ததும் நகராட்சிக்குச் சொல்லியாக வேண்டும். நாங்கள் வாங்க முயல்கிறோம் என்று சொல்ல ரசிகர்களுக்கு 6 வாரம். சொல்லிவிட்டால் மொத்தம் 6 மாதம் விற்பனை நிற்கும். ஆனால் அவர்களுக்கே விற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்த 6 மாதத்தில் பணம் திரட்ட முடியாவிட்டால் பட்டியலால் பலன் இல்லை.

பணத்தில் கோளாறு எங்கே வரும் என்பதும் தெரிந்ததே. ஆபத்து வந்ததும் எல்லோரும் வாளியில் போடுவார்கள். ஆபத்து தீர்ந்ததும் மாதச் சந்தா நின்றுவிடும். அதனால் வாளி வசூலைவிட, வங்கியிலிருந்து தானாகப் போகும் சிறு மாதத் தொகைதான் டிரஸ்டைத் தாங்கும். வாளி வைத்தே ஆக வேண்டும் என்றால் தெருவில் நிற்க நகராட்சி அனுமதி வேண்டும், மூடியை முத்திரையிட வேண்டும், ஒரே வீட்டைச் சேராத இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும். ஒரு பத்துப் பென்னி கணக்கில் உதைத்தாலும் அடுத்த வாரம் கேள்வி வரும்.

ராச்டேலில் 2021ல் ஒரு நிறுவனம் பங்குகளை வாங்கிக் கட்டுப்பாட்டைப் பிடிக்க முயன்றபோது ரசிகர்களும் சிறு பங்குதாரர்களும் சேர்ந்து தடுத்தார்கள். தடுத்ததோடு பணக்கஷ்டம் தீரவில்லை. 2024ல் கிளப் மூடும் நிலைக்கு வந்து, உள்ளூர்க் குடும்பம் ஒன்று வாங்கியதால் பிழைத்தது. ரசிகர் உடைமை கிளப்பைத் திருட்டிலிருந்து காக்கும், வறுமையிலிருந்து காக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசுகிறவர்கள் நிறையப் பேர்.

மூன்றாம் நாள், திங்கள்

ஊர் இல்லை, டிக்கெட் வேலை மட்டும். முன்பதிவுச் சலுகை டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும், பணம் திரும்பாது. மாற்றக் கட்டணம் உண்டு, அதுவும் ரயில் கிளம்பும்முன் மாற்ற வேண்டும். தொலைக்காட்சிக்காக ஆட்ட நேரம் மாறும். கோப்பை ஆட்டம் வந்தால் மாறும். அணியில் மூன்று பேர் தேசிய அணிக்குப் போனாலும் கிளப் தள்ளிவைக்கக் கேட்கலாம். ஆட்டத் தேதி உறுதியாகும்வரை ரயில் டிக்கெட் வாங்கக் கூடாது, வாங்கியே ஆக வேண்டுமானால் நெரிசலற்ற நேரத் திரும்பு டிக்கெட் வாங்க வேண்டும். விலை கூடும், ஆனால் வேறு ரயிலில் ஏறலாம்.

நான்காம் நாள், செவ்வாய்: அக்ரிங்டன்

மான்செஸ்டர் விக்டோரியாவிலிருந்து டாட்மார்டன் வளைவு வழியாக நேர் ரயில், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்தச் சிறு வளைவுப் பாதை பல பத்தாண்டு மூடிக் கிடந்து 2015ல்தான் பயணிகள் ரயிலுக்குத் திறந்தது. நிலையத்திலிருந்து வாலி சாலையில் மேடேறி இருபது நிமிட நடை. வழியெல்லாம் கடும் சிவப்புச் செங்கல் வீடுகள். அந்தச் செங்கல்லுக்கு இந்த ஊர் பெயர்பெற்றது.

செவ்வாய் இரவு ஆட்டம் 7.45க்குத் தொடங்கினால் 9.40 வாக்கில் முடியும். ரயில் மணிக்கு ஒன்றுதான். ஒன்றைத் தவறவிட்டால் குளிரில் ஒரு மணி நேரம், கடைசி ரயிலைத் தவறவிட்டால் டாக்சி. கடைசி ரயில் எப்போது என்று உள்ளே நுழையும்முன்னே தெரிந்திருக்க வேண்டும். வெளியூர் ரசிகர்களின் படிமேடைக்குக் கூரை இல்லை. பல மைதானங்களில் குடையை விடமாட்டார்கள், தொப்பியுள்ள மழைக்கோட்டுதான் வழி.

மழை ஊர் என்பதால் ஆடுகளச் சோதனையைப் பற்றிச் சொல்ல இதுவே இடம். நடுவர் முதலில் இரண்டு கோல் முகங்களுக்கும், பிறகு மூலைகளுக்கும், கோட்டு நடுவர் ஓடும் ஓரத்துக்கும் போவார். தோள் உயரத்திலிருந்து பந்தை விடுவார். எழும்பாமல் சொத்தென்று உட்கார்ந்தால் அந்த இடம் நீர் தேங்கியது. அடுத்து பந்தைத் தரையோடு உருட்டுவார். பந்து இரு பக்கமும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய் நடுவழியில் நின்றால் ஆட்டம் இல்லை. உறைபனி நாளில் பூட்ஸ் குமிழைக் குதிகாலால் அழுத்துவார், இறங்க வேண்டும். எப்போதும் ஆபத்தான பகுதி தெற்கு மேடையின் நிழல் விழும் பட்டை. குளிர்கால வெயில் தாழ்வாகவே போவதால் அங்கே பகல் முழுவதும் வெளிச்சம் படாது, மற்ற இடம் இளகியிருக்கும்போது அந்த ஐந்து மீட்டர் மட்டும் கல்லாகக் கிடக்கும். விரிப்பு போட்டால் பனிக்குப் பலன் உண்டு, உறைவதற்கு முந்தியே போட்டிருந்தால். உறைந்த பின் போட்டால் குளிரை உள்ளே பூட்டி வைத்தது மாதிரி.

அக்ரிங்டன் ஸ்டான்லியின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறோம். 1962 மார்ச்சில் கடன் தாங்காமல் லீக்கிலிருந்து விலகக் கடிதம் கொடுத்தார்கள். உதவி கிடைக்கும் என்று தெரிந்ததும் கடிதத்தைத் திரும்பக் கேட்டார்கள். லீக் மறுத்துவிட்டது. காலியான இடத்துக்கு ஆக்ஸ்போர்ட் யுனைடெட் வந்தது. பழைய கிளப் செத்து, 1968ல் புதிதாகத் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி 2006ல் லீக்குக்குத் திரும்பினார்கள். அதே ஆண்டு லீக்கிலிருந்து இறங்கிய கிளப்புகளில் ஒன்று ஆக்ஸ்போர்ட் யுனைடெட். 44 வருடம் காத்திருந்த ஊர் இது.

ஐந்தாம் நாள், புதன்: சண்டர்லேண்ட்

மான்செஸ்டரிலிருந்து நியூகாசிலுக்கு இரண்டரை மணி நேரம், அங்கிருந்து மெட்ரோவில் அரை மணி நேரம். மைதானத்துக்கு இரண்டு நிலையங்கள், செயிண்ட் பீட்டர்ஸ், ஸ்டேடியம் ஆஃப் லைட். எதில் இறங்கினாலும் நடைதான். இது சின்னக் கிளப் அல்ல, ஒரு காலத்தில் விழுந்த பெரிய கிளப். 1993ல் மூடிய மங்க்வேர்மத் நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் 1997ல் இந்த மைதானம் வந்தது. வெளியே சுரங்கத் தொழிலாளியின் பாதுகாப்பு விளக்குக்கு நினைவுச்சின்னம் நிற்கிறது. 2017ல் ஒரு படி, 2018ல் இன்னொரு படி என்று மூன்றாம் டிவிஷனுக்கு விழுந்தார்கள். அங்கே 2018 டிசம்பர் 26ல் பிராட்ஃபோர்ட் சிட்டியுடன் ஆடியபோது வந்தவர்கள் 46,039 பேர். மூன்றாம் டிவிஷன் ஆட்டத்துக்கு!

2018 கோடையில் நடந்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். சிவப்பு இருக்கைகள் வருடக்கணக்கில் வெயில் பட்டு இளஞ்சிவப்பாகியிருந்தன. பிளாஸ்டிக்கில் கலந்த சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிரில் சிதைந்து, மேற்பரப்பு வெளுத்துப் பொடிபூத்துவிடும். தேய்த்தாலும் போகாது, இருக்கையையே மாற்ற வேண்டும். காலி மேடை தொலைக்காட்சியில் வெளிறித் தெரிய, ஊரே கூசியது. கிளப் ஆள் கேட்டது, ரசிகர்கள் வந்து பழைய இருக்கைகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினார்கள். இப்படி வேலை செய்யும்போது மாட்டிக்கொள்வது துருப்பிடித்த போல்ட்தான். முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் தெளித்து ஊறவிட வேண்டும், இல்லாவிட்டால் திருகும்போது தலை வட்டமாகிவிடும், பிறகு அறுக்க வேண்டியதுதான். ஒரு வரிசையின் எண் பலகைகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைக்காவிட்டால் சீசன் டிக்கெட்காரர் தன் இடத்தில் வேறு எண்ணைப் பார்ப்பார்.

ஆறாம் நாள், வியாழன்: விம்பிள்டன்

நியூகாசிலிலிருந்து கிங்ஸ் கிராஸுக்கு மூன்று மணி நேரம். விம்பிள்டன் நிலையத்திலிருந்து ப்ளவ் லேன் இருபது நிமிட நடை. ஹேடன்ஸ் ரோடு நிலையம் இன்னும் பக்கம், ஆனால் அங்கே வரும் ரயில்கள் குறைவு.

விம்பிள்டன் கிளப்புக்கு நேர்ந்ததன் வேர் 1991. சொந்த மைதானத்தை விட்டு செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒண்டுக்குடித்தனம் போனார்கள். பழைய ப்ளவ் லேன் பிறகு விற்கப்பட்டது. மைதானம் இல்லாத கிளப்பை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். 2002 மே 28ல் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) அமைத்த மூவர் ஆணையம், நூறு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட தூரத்தில் இருக்கும் மில்டன் கீன்ஸுக்குக் கிளப் போகலாம் என்றது. ரசிகர்கள் புதுக் கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அடுத்த மாதமே ரசிகர்கள் விம்பிள்டன் காமன் திடலில் ஆட்டக்காரர் தேர்வு வைத்தார்கள். 200க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஜூலை 10ல் சட்டன் யுனைடெட்டிடம் 4-0 என்று தோற்று ஏ.எஃப்.சி. விம்பிள்டன் பிறந்தது. ஒன்பது சீசனில் ஐந்து முறை உயர்ந்து 2011ல் லீக்குக்குள் வந்தது. பழைய கிளப் வென்ற 1988 எஃப்.ஏ. கோப்பையின் நகலும் மற்ற நினைவுப் பொருள்களும் 2007ல் மில்டன் கீன்ஸிலிருந்து, விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகராட்சிக்கே திரும்பி வந்தன.

புது ப்ளவ் லேன், பழையது இருந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், நாய்ப் பந்தயத் திடல் இருந்த மனையில் எழுந்தது. முதல் ஆட்டம் 2020 நவம்பர் 3. கட்டும்போது பணம் முட்டியபோது வெளியார் முதலீடு வேண்டும் என்ற பேச்சு வந்தது. டிரஸ்ட் உறுப்பினர்கள் கட்டுப்பாட்டை விட மனமில்லாமல் கடன் பத்திரம் வெளியிட்டு 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். பத்திரம் நன்கொடை அல்ல. தவணை வந்தால் திருப்பித் தர வேண்டும், அதற்கு இன்றே ஒதுக்க வேண்டும், ஒதுக்கும் தொகை ஆட்டக்காரர் சம்பளத்திலிருந்துதான் குறையும். ரசிகர் உடைமைக்கு உண்மையான விலை இதுதான். ஒரு நல்ல முன்கள வீரர் வேண்டாம் என்று வாக்களிப்பதற்குச் சமம்.

பக்கத்தில் ஓடும் வாண்டில் ஆறு 2024 செப்டம்பரில் கரை மீறியபோது ஆடுகளத்தின் ஒரு பகுதி அப்படியே உள்வாங்கிப் பள்ளமானது. நியூகாசிலுடன் இங்கே ஆட வேண்டிய கோப்பை ஆட்டம் நியூகாசிலின் மைதானத்துக்கே மாறிப்போனது. ஒரு பெரிய வசூல் நாள் கைவிட்டுப் போனது. ரசிகர்கள் மறுபடி நிதி திரட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை பதிவு இல்லை.

எட்டாம் நாள், சனி: போர்ட்ஸ்மத்

வாட்டர்லூவிலிருந்து ஃபிராட்டனுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஃபிராட்டன் நிலையத்தில் இறங்க வேண்டும், போர்ட்ஸ்மத் என்ற பெயரைப் பார்த்து அடுத்த நிலையம் போனால் திரும்பி நடக்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஃபிராக்மோர் சாலையின் முனை. இரு பக்கமும் வரிசை வீடுகள், அவற்றுக்கு நடுவில் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக பழைய டியூடர் பாணி முகப்பு. 1899லிருந்து கிளப் இங்கேதான்.

1949, 1950 லீக் சாம்பியன். 1939ல் வென்ற எஃப்.ஏ. கோப்பை, போரால் போட்டி நின்றதால் 1946 வரை இவர்களிடமே இருந்தது. 2008ல் மறுபடி கோப்பை, அதுவும் தாங்க முடியாத சம்பளத்தில் வந்தது. 2010 பிப்ரவரியில் பிரீமியர் லீக்கில் இருந்துகொண்டே திவால் நிர்வாகத்துக்குப் போன முதல் கிளப் ஆனது. 2012ல் மறுபடியும். தண்டனையாக லீக் புள்ளிகள் 9, பிறகு 10, பிறகு இன்னொரு 10 பிடிக்கப்பட்டன. நான்கு சீசனில் மூன்று முறை இறங்கி நான்காம் டிவிஷன்.

டிரஸ்ட் வைத்த பங்கின் விலை 1,000 பவுண்டு. ஒருவரால் முடியாதவர்கள் வேலை செய்யும் இடத்திலும் நண்பர்களுக்குள்ளும் குழு சேர்ந்து ஒரு பங்கு வாங்கினார்கள். 2,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள், மீதியை வசதியான சில ரசிகர்கள் போட்டார்கள். பேரம் இழுத்தது கிளப்புக்காக அல்ல, ஃபிராட்டன் பார்க்குக்காக. மைதானத்தின் மேல் பழைய உரிமையாளரின் அடமானம் இருந்தது. அதை விடுவிக்காமல் வாங்கினால் கையில் சட்டை மட்டும்தான் மிஞ்சும் என்று டிரஸ்டுக்குத் தெரியும். 2013 ஏப்ரலில் நீதிமன்றம்வரை போய் இரண்டையும் சேர்த்தே வாங்கினார்கள். 2014 செப்டம்பரில் பழைய கடன்கள் அடைந்தன. நான்காம் டிவிஷனிலும் சராசரிக் கூட்டம் 15,000க்கு மேல்.

2017ல் சாம்பியனாக மூன்றாம் டிவிஷனுக்கு ஏறினார்கள். அதே ஆண்டு அமெரிக்க முதலீட்டாளர் ஒருவருக்கு விற்கலாமா என்று டிரஸ்ட் வாக்கெடுப்பு நடத்தியது. ஐந்தில் நான்கு பங்கினர் சரி என்றார்கள். மைதானத்தைப் பழுதுபார்க்க ரசிகர்களிடம் பணம் இல்லை என்ற கணக்கு அது. விம்பிள்டன் ஒரு முடிவு, போர்ட்ஸ்மத் எதிர் முடிவு. இரண்டையும் எடுத்தவர்கள் உறுப்பினர்களே, கணக்கைப் பார்த்து எடுத்தார்கள். எங்கள் பார்வையில் இரண்டும் சரி.

2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்த பிறகு தனி ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி மேல் ஐந்து படிக் கிளப்புகள் உரிமம் வாங்க வேண்டும். மைதானத்தை விற்க ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். கிக் லேனுக்கு ஆறு வருடம் தாமதம்.

இந்த ஊர்களுக்கு வர நினைக்கிறவர்கள் மார்ச், ஏப்ரலில் வந்தால் சீசன் டிக்கெட் புதுப்பிக்கும் காலம். டிக்கெட் சாளரத்தில் வரிசை நிற்கும். பெயர், இருக்கை எண், தவணையா முழுப் பணமா என்று படிவத்தில் எல்லாம் இருக்கும். அடுத்த சீசன் அணி எந்த டிவிஷனில் ஆடும் என்பது மட்டும் இருக்காது, அது முடிவாக இன்னும் ஆறேழு ஆட்டம் பாக்கி. வரிசையில் நிற்கிறவர்கள் அதைக் கேட்பதில்லை. முன்கூட்டி கட்டினால் கிடைக்கும் தள்ளுபடிக்கு எது கடைசி நாள் என்றுதான் கேட்கிறார்கள்.